போர்ட், மைன், ராடிக்கல்

என் மைத்துனன் எங்கள் வீட்டில் தங்கியிருந்த மாதம் அது. படிப்பை முடித்துவிட்டு, துறைமுகத்தில் ஏதாவது வேலை கிடைக்காதா என்று ஓட்டப்பிடாரத்திலிருந்து வந்திருந்தான். நான் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை பார்க்கிறேன். தெரிந்த இடத்தில் அவனுக்காகச் சொல்லிவைப்பதாக மனைவியிடம் ஒப்புக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் அலுவலகத்தில் எதையோ தேடக் கைபேசியைத் திறந்தேன். பழைய தேடல்கள் வந்து நின்றன. போர்ட். கேட். மைன். ராடிக்கல். அதற்குக் கீழே ஐலண்ட். எதுவும் நான் தேடியதில்லை. வீட்டு லேப்டாப்பும் என் கைபேசியும் ஒரே கணக்கில் இருப்பதால் அங்கே தட்டுவது இங்கே தெரியும்.

தினமும் துறைமுக வாசலில் அட்டையைக் காட்டி உள்ளே போகிறவனுக்கு இந்தச் சொற்களைச் சேர்த்துப் பார்த்தால் சந்தேகம் வரத்தான் செய்யும். மைன் என்றதும் எனக்குக் கண்ணிவெடிதான் தோன்றியது, ராடிக்கல் என்றதும் தீவிரவாதி.

மைத்துனனைக் கவனிக்க ஆரம்பித்தேன். அதிகம் பேசமாட்டான். போன் வந்தால் மாடிக்குப் போய்விடுவான். யாரென்று கேட்டால், "ஃபிரெண்டு, அத்தான்" என்பான். அவன் வேலைக்காக நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. மனைவி கேட்டபோது மேனேஜர் லீவு என்றேன்.

சனிக்கிழமை காலை, கூடப் படித்தவன் வீட்டுக்கு என்று புன்னைக்காயல் கிளம்பினான். படகுகள் நிற்கிற ஊர். அது வேறு என் மனதைக் குடைந்தது. ஆனால் அவன் போன பிறகும் கைபேசியில் புதிய சொற்கள் வந்துகொண்டிருந்தன. செல். ரெசிஸ்டன்ஸ். பேஸ். லேப்டாப் இருந்தது வீட்டில். வீட்டில் இருந்தது என் மனைவி மட்டும்.

தலைவலி என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். என்னைப் பார்த்ததும் லேப்டாப்பைப் பாதி மூடினாள்.

"என்ன, இந்நேரத்துக்கு வந்திருக்கீய?"

"அதத் தொற. என்ன தேடுத?"

கொஞ்சம் தயங்கித் திறந்தாள். திரையில் 'ரூட்' என்று ஒரே சொல். அதன் கீழ் விளையாட்டு, மின்னணுவியல், கணிதம், வேதியியல், புவியியல் என்று கட்டங்கள்.

"ஒருத்தன் வெறும் ரூட்டுன்னு தட்டுதான். கணக்குல வார ரூட்டா, போற வழியான்னு நான் பிரிச்சுச் சொல்லணும். தெரியலன்னா தேடிப் பாப்பேன். வீட்ல இருந்தே செய்யுத வேல."

"ராடிக்கல்?"

"கெமிஸ்ட்ரில வாரது. நான் படிச்சதுதான்."

"மைன்?"

"ஏதோ கேம்ல தோண்டுததாம்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"போன தடவ டைப்பிங் வேலைன்னு நான் ஏமாந்தத ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சிய. இது நெசந்தானான்னு தெரிஞ்ச பொறவு சொல்லலாம்னு இருந்தேன்." பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "இதெல்லாம் தேடுதது யாருன்னு நெனச்சிய?"

"உன் தம்பின்னு."

அவள் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை மைத்துனனைக் கப்பல்களுக்குச் சாமான் ஏற்றும் கடைக்கு நானே கூட்டிப்போனேன். வேலை கிடைத்தது. அவனுக்கு விஷயம் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். மனைவிதான் ரொம்ப நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஒருநாள் கேட்டேன். "இந்த வேலையக் குடுக்கது யாரு?"

"பெங்களூர் கம்பெனின்னு போட்டிருக்கு. ஆள நான் பாத்ததில்ல."

"அவனுவளுக்கு இது எதுக்கு?"

"எந்தச் சொல்லு எதக் குறிக்குன்னு கம்ப்யூட்டருக்குப் புரிய வைக்கவாம்."

எனக்கு அதுவும் சரியாகப் படவில்லை. அவள் காட்டிய பெங்களூர் முகவரியில் அப்படியொரு கம்பெனி இருக்கிறதா என்று அங்கே இருக்கும் நண்பனிடம் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். இந்த முறை மனைவிக்குத் தெரிந்தேதான்.