தேநீர் வண்டிக்குப் புகைச் சோதனை

கார்புரேட்டரைச் சரிசெய்வது என்பது காற்றுக்கும் பெட்ரோலுக்கும் நடுவே அமர்ந்து பஞ்சாயத்துப் பேசுவது; தீர்ப்பு எதுவானாலும் ஏச்சு என்னவோ பேசியவருக்குத்தான். பழைய வண்டிகளோடு காலம் தள்ளும் அன்பர்களே, இந்தத் துன்பம் உங்களுக்கும் புதிதன்று. தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் வாகனப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றபின், திருவொற்றியூரில் இருசக்கர வண்டிகளுக்கென ஒரு பட்டறை நடத்திவருகிறேன். பேட்டைக்கே நான் டீச்சர். என்னுடன் வேலை செய்யும் டேவிட், ராயபுரத்துக்காரர், மட்டும் மேடம் என்பார். கீழே வருவன எல்லாம் ஒரே வண்டியைப் பற்றியவை.

ஈரக் கோணி

நெட்டுக்குப்பத்துச் சேகர் முன்பு எண்ணூர் முகத்துவாரத்தில் மீன் பிடித்தவர். வலையில் ஒன்றும் விழாத நிலை வந்தபின், வண்டியின் பின்னால் கேனைக் கட்டிக்கொண்டு, அருகிலுள்ள, நிலக்கரி எரிக்கும் ஒரு தொழிற்சாலையின் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு இருவேளையும் தேநீர் விற்றார். உள்ளே நுழையும் வண்டிகளின் புகைக்குழாயில் மாதந்தோறும் கருவியைச் செருகிப் பார்ப்பது அங்கே விதி. சேகரின் வண்டி ஒருமுறை தோற்றிருந்தது. மறுமுறையும் தோற்றால் கேட் பாஸ் ரத்தாகும். ரத்தானால் வீட்டில் அடுப்புக்கு வேலை இல்லை.

அவர் வண்டியை என்னிடம் தள்ளிக்கொண்டு வந்தபோது, இஞ்சின்மேல் ஈரக் கோணி சுற்றியிருந்தது. காற்றும் பெட்ரோலும் கலக்கும் அளவை மாற்றும் கலவைத் திருகை, இஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகே தொடவேண்டும். ஆறிய இஞ்சினுக்குச் செய்த கணக்கு, அது சூடானதும் பொய்யாகிவிடும். கொதிக்கும் உலோகத்தின்மேல் ஈரத்தைப் போட்டால் விரிசல் விடும் என்பது தனிக் கதை. கோணியை அவிழ்த்துக் கீழே போட்டு, எர்ணாவூர் வரை ஓட்டிவிட்டு வரும்படி சொன்னேன். சேகருக்கு மனம் நொந்துவிட்டது.

“இன்னா டீச்சர், வயசானவங்க, கை சுட்டுக்கப் போறாங்கன்னு ஆற வெச்சி இட்டாந்தா, திரும்ப சூடு பண்ணினு வரச் சொல்றீங்கோ! இது இன்னா டீயா?”

மெலிந்த கலவை

சூடாகத் திரும்பி வந்த வண்டியில் திருகை மெல்ல உள்ளே செலுத்தி, இஞ்சின் திணறும் இடத்தைக் கண்டு, பின் வெளியே எடுத்து, ஓட்டம் நிமிரும் இடத்தில் நிறுத்தினேன். அந்த மாதம் சேகர் தேறினார். அடுத்த மாதம் அச்சம் அவரை விடவில்லை. சோதனையன்று காலை, சாலையோர மெக்கானிக் ஒருவர் ஆசை காட்ட, பெட்ரோலை ஒடுக்கிக் காற்றைக் கூட்டி வைத்துக்கொண்டார். இது பலரும் செய்வதுதான். கருவியும் மகிழ்ந்து ஒப்புக்கொண்டது.

ஆனால் கருவி கேனைச் சுமப்பதில்லை. மாலையில் நிறைந்த கேனோடு பாலத்தில் ஏறிய வண்டி, இழுவையின்றித் திணறி, அனலாய்க் கொதித்து, பாதி ஏற்றத்தில் நின்றுவிட்டது. தள்ளிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் தொழிலாளர்களின் இடைவேளை முடிந்திருந்தது. மறுநாள் அவர் மனைவி கஸ்தூரி, கழற்றிய ஸ்பார்க் பிளக்கை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள். காப்பி நிறத்தில் இருக்கவேண்டிய அதன் முனை சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. அதை என் மேசைமீது வைத்துவிட்டுச் சொன்னாள்:

“வண்டி பாஸாயிடுச்சாம் டீச்சர். டீதான் பெயிலாயிடுச்சி. கேன் மொத்தத்தையும் என் கையாலயே மண்ணுல ஊத்தினேன்.”

காற்றின் நிறம்

மீண்டும் முதலிலிருந்து கலவையைத் திருத்தினேன்; சில நாட்களிலேயே புகை மறுபடி கறுத்தது. ஒழுங்காக வைத்த கலவை ஏன் இப்படிக் கெடுகிறது என்பது என்னை உறுத்தியது. ஏர் பில்டரைக் கழற்றியபோது விடை கிடைத்தது. அதன் மடிப்புகளில், திருநீற்றுப் பையைக் கவிழ்த்தாற்போல, சாம்பல் அடைந்திருந்தது. அடைத்த பில்டர் வழியே காற்று குறைவாகப் போகும், பெட்ரோல் பங்கு தானாகவே மிகும், புகை கறுக்கும். புதிய பில்டரைப் போட்டுக் கலவையைத் திருத்தினேன். சில நாட்களிலேயே அதுவும் சாம்பல் பூத்தது.

வண்டியைத் தூசுபடாத இடமாகப் பார்த்து நிறுத்தும்படி சேகரிடம் கண்டிப்பாகச் சொன்னேன். “வூடே அந்தத் தூசுலதான டீச்சர் கீது?” என்றார் அவர். மாற்று இடம் ஏதேனும் சொல்லட்டும் என்று டேவிட் பக்கம் திரும்பினேன். அவர் கையைத் துடைத்தவாறே சொன்னார்:

“எங்க மேடம் நிறுத்துறது? இந்தாண்ட எண்ணூரு சாம்பலு, அந்தாண்ட மணலி பொகை. நடுக்கடல்லதான் ஸ்டாண்டு போடணும்.”

அணைத்து வைக்கவும்

அடுத்த சோதனைக்கு நானே உடன் சென்றேன். புறப்படுமுன் மற்றுமொரு புதிய பில்டர்; சூட்டிலேயே திருத்திய கலவை. குறை சொல்ல இடமில்லை என்று நம்பினேன். வாயிலருகே எந்த வண்டியும் இஞ்சினை ஓடவிடக் கூடாது, புகை பரவும் என்றார் காவலர். வரிசையில் அணைத்து வைத்துக் காத்திருந்தோம். சாம்பல் லாரிகள் எங்களைக் கடந்து போய்க்கொண்டே இருந்தன. முறை வந்தபோது இஞ்சின் சில்லிட்டுக் கிடந்தது. குளிர்ந்த இஞ்சின் சோக் போடாமல் கிளம்பாது. சோக் போட்டால் காற்று ஒடுங்கிப் புகை கறுக்கும். சிறிது நேரம் ஓடவிட்டுச் சூடாக்கிக்கொள்ள அனுமதி கேட்டேன். அதற்கு விதியில் இடமில்லை என்றார் சோதனை அதிகாரி. கருவியின் முள் எல்லையைத் தாண்டியது.

கேட் பாஸை அவர் வாங்கி வைத்துக்கொண்டார். மாற்றும்போது கழற்றிய பழைய பில்டர் என் பையில் இருந்தது. அதை எடுத்து அவர் மேசையின் வெள்ளைத் தாள்மேல் தட்டினேன். சாம்பல் சிறு குவியலாக விழுந்தது. இது எங்கிருந்து வந்தது என்று தாங்களே சொல்லுங்கள் என்றேன். அவர் நல்ல பண்பாடுள்ள மனிதர். எழுந்து நின்றே பதில் சொன்னார்:

“உங்க வண்டிலேர்ந்துதானே மேடம் விழுந்தது? அப்ப அது உங்க சாம்பல்தான்.”

நடந்து போனால்

வெகுநாள் சேகரைக் காணவில்லை. பிறகொரு பிற்பகல், பட்டறை வாசலில் வந்து நின்றார். புருவம்கூட நரைத்தாற்போல் வெளுத்திருந்தது. அதே தொழிற்சாலையில், ஒப்பந்தக்காரர் ஒருவரிடம், சாம்பல் வாரும் வேலையாம். வண்டி வீட்டில் கிடக்கிறதாம். யாராவது கேட்டால் விற்றுக்கொடுங்கள் என்றார். சொல்லிமுடிப்பதற்குள் இருமல் வந்து, தூணைப் பிடித்துக்கொண்டார். டேவிட் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அந்த வாயிலுக்குள் மறுபடி எப்படி விட்டார்கள் என்று கேட்டேன். சேகர் வாயைத் துடைத்துக்கொண்டார்.

“வண்டிக்குத்தான் டீச்சர் டெஸ்டு. மனுசன் நடந்து போனா ஒரு மிசினும் வெச்சி பாக்கறதில்ல, அப்டியே உள்ள வுட்டுடுறான்.”

இப்போது அந்த வாயிலுக்குள் தேநீர், மாதவரத்திலிருந்து வரும் ஒரு மின்சார வண்டியில், துளிப் புகையுமின்றிப் போய்ச் சேர்கிறது. அந்த மின்சாரம் எந்தப் புகைபோக்கியின் கீழ் பிறக்கிறது என்று கேட்பது, கார்புரேட்டர் திருத்தும் என் தொழிலின் எல்லைக்கு அப்பாற்பட்டதாம்.