வகுப்பில் அதிகம் கதைக்கிறார்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் மானிப்பாய்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் எட்டாம் ஆண்டுக்கு வகுப்பாசிரியையாக இருந்தேன். பாடம் படிப்பிப்பதோடு, பெற்றோருக்கு அறிவித்தல் அனுப்புகிற வேலையையும் அதிபர் என் தலையில் கட்டியிருந்தார். அச்சடிக்கக் கடதாசி இல்லை. றோனியோ மெசினுக்கு மையும் இல்லை. கடைசிப் பாடத்தில் கரும்பலகையில் எழுதிப்போட்டு, பிள்ளைகளைக் கொப்பியில் பார்த்து எழுத வைப்பேன். அவர்கள் அதை வீட்டில் காட்டிக் கையெழுத்து வாங்கி வரவேண்டும். விளையாட்டுப் போட்டி ஒத்திவைக்கப்பட்டது. தவணைப் பரீட்சை ஒரு கிழமை பிந்தும். மரநடுகைக்கு ஆளுக்கொரு கன்று கொண்டு வரவும். இரண்டு நாளில் அதுவும் மாறும். மாறியதைத் திரும்ப எழுதுவேன். வருடம் முழுவதும் ஒரே அறிவித்தலை எழுதி எழுதி அழித்தது போலத்தான் இப்போது ஞாபகம் இருக்கிறது.

தவணை முடிவில் தேர்ச்சி அறிக்கைகள் வரும். நாற்பது பிள்ளைகளுக்கும் வகுப்பாசிரியர் குறிப்பு எழுதவேண்டும். அந்த நாள்களில் விடிய எழும்பித் தண்ணீர் அள்ளி, விறகு மூட்டிச் சமைத்து, எதிர்க்காற்றில் சைக்கிள் உழக்கி வந்து சேரும்போதே எனக்குப் பாதி உயிர் போய்விடும். முதல் பத்துப் பேருக்கு யோசித்து எழுதுவேன். மற்றவர்களுக்கு, ‘முயற்சி போதாது’, ‘திருப்தி’ என்று கை தானாகப் போகும். ஒரு பிள்ளைக்கு ‘வகுப்பில் அதிகம் கதைக்கிறார்’ என்று எழுதினேன். அதைப் பற்றி அதற்குமேல் நான் யோசிக்கவில்லை.

விடுமுறை முடிந்து அடுத்த தவணை தொடங்கிய மூன்றாம் நாள், பள்ளிக்கூடம் விட்டு நான் சைக்கிளை எடுக்கும்போது ஒருவர் வந்து நின்றார். வெயிலில் கறுத்த, ஒல்லியான மனிதர். கையில் அந்த அறிக்கை இருந்தது. இன்ன பிள்ளையின் தகப்பன் என்றார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். நின்று மறுமொழி சொல்லக்கூடத் தெம்பில்லை.

“ரீச்சர், உதிலை எழுதியிருக்கிறது உண்மையோ?” என்று கேட்டார்.

“ஓம். வாய் ஓயாமல் கதை. எத்தினை தரம் சொல்லிப்போட்டன். நீங்களும் ஒருக்காச் சொல்லி வையுங்கோ.”

அவர் அந்த வரியையே திரும்பப் பார்த்தார்.

“அவள் வீட்டிலை கதைக்கிறேல்லை ரீச்சர். பத்து மாசமாகுது. கேட்டால் தலையை ஆட்டுவாள், அவ்வளவுதான்.”

பிறகு சொன்னார். அவர்கள் தொண்டைமானாற்றுக்காரர். அவர் கடற்றொழில் செய்தவர். போரால் அங்கே இருக்க முடியாமல் இடம்பெயர்ந்து, கொக்குவிலில் ஒரு வீட்டு வளவில் கொட்டில் போட்டு இருக்கிறார்கள். வந்த வருடமே, பத்து மாதத்துக்கு முன், மனைவி மலேரியாவில் இறந்துவிட்டார். அவரும் மகளும்தான் மிச்சம். இப்போது வெங்காயத் தோட்டமொன்றில் வேலை.

“என்ன கதைக்கிறவள், ரீச்சர்?”

எனக்குத் தெரியவில்லை. கதைக்காதே என்று சொல்லியிருக்கிறேனே தவிர, என்ன கதைக்கிறாள் என்று ஒரு நாளும் காது கொடுத்ததில்லை. “கவனிச்சுச் சொல்லுறன்” என்றேன். இன்னொரு வேலையையும் தலையில் ஏற்றிக்கொண்டோமே என்றுதான் அப்போது தோன்றியது.

அடுத்த நாளிலிருந்து கொப்பி திருத்துகிற சாட்டில் அவள் இருக்கும் வாங்குக்குப் பின்னால் போய் இருந்தேன். இரட்டைப் பின்னல் போட்ட, பல் கொஞ்சம் மிதந்த பிள்ளை. பக்கத்தில் இருந்த இரண்டு சிநேகிதிகளும் வாயைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். தங்கள் நாய் கடலுக்குள் நீந்தி வள்ளத்துக்குக் கிட்டப் போகும் என்றாள். கோயில் திருவிழாவில் செருப்பு மாறிப்போட்டு வந்த கதை சொன்னாள். பிறகு, “நேற்று எங்கடை அம்மா கூழ் காய்ச்சினவ. நண்டு போட்டு. நான் மூண்டு தரம் வாங்கிக் குடிச்சனான்” என்றாள்.

என் கையில் சிவப்புப் பேனை அப்படியே நின்றது.

அன்றைக்கு மட்டுமல்ல. அம்மா காலையில் இழுத்துப் பின்னிவிட்டதில் தலை நோகிறது என்பாள். அம்மா ஏசினா, அம்மா சிரிச்சா என்பாள். பத்து மாதத்துக்கு முன் இறந்துபோன தாய், வகுப்பறையில் ஒவ்வொரு நாளும் எழும்பிச் சமைத்துக்கொண்டிருந்தார். சிநேகிதிகளுக்கு ஒன்றும் தெரியாது.

நான் வீட்டுக்குப் போகும் வழியில் கொஞ்சம் விலத்திப் போனால் அந்த வெங்காயத் தோட்டம் வரும். வெள்ளிக்கிழமைகளில் அந்த ஒழுங்கையால் போய் வேலியோரம் சைக்கிளை நிறுத்துவேன். அவர் மண்வெட்டியை வைத்துவிட்டு, கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு வருவார். நான் நாயைச் சொன்னேன். செருப்பைச் சொன்னேன். அவர் சிரித்தார். “ஓம், அங்கை விட்டிட்டு வந்தது என்ரை செருப்பு. உவள் போட்டுக்கொண்டு வந்தது ஆரோ கிழவன்ரை” என்றார்.

தாயின் கதையை நான் சொல்லவில்லை. இரண்டாம் வெள்ளியோ மூன்றாம் வெள்ளியோ அவரே கேட்டார்.

“தாயைப் பற்றி ஏதும் சொல்லுறாளோ, ரீச்சர்?”

“இல்லை” என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு வேலைக்குப் போனார். பொய் சொல்ல வேண்டும் என்று தீர்மானித்துச் சொன்னதல்ல. உண்மையைச் சொன்னால் அதன்பிறகு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. பிள்ளையைக் கூப்பிட்டு விசாரிக்கவும் மனம் வரவில்லை. ஏதாவது செய்யவேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைத்து, செய்யாமலே அடுத்த நாளுக்கு வந்தேன்.

அந்தத் தவணை நடுவில் பெற்றோர் கூட்டம் வந்தது. அறிவித்தலைக் கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பும்போதே அவள் முதுகு நிமிர்ந்ததைக் கண்டேன். தகப்பனிடம் அவள் காட்டமாட்டாள் என்று நினைத்தேன். ஆனால் அவர் வந்தார், வெளுத்த சேட்டுப் போட்டுக்கொண்டு. மகள் அவருக்கு ஒரு முழம் தள்ளி நின்றாள். வந்தவர்கள் பதினைந்து பேர்கூட இல்லை. நான் பரீட்சை, வரவு, குண்டுவீச்சுக்கு ஒதுங்கப் பங்கர் வெட்ட உதவி என்று சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்தேன். எல்லோரும் எழும்பும்போது சிநேகிதிகளில் ஒருத்தியின் தாய் நேரே அவளிடம் போனார்.

“அம்மா வரேல்லையோ, பிள்ளை? என்ரை மகள் எந்த நேரமும் உங்கடை அம்மான்ரை கூழைப் பற்றித்தான் கதை. எப்பிடிக் காய்ச்சிறவ எண்டு கேக்கவேணும் எண்டுதான் பார்த்துக்கொண்டு நிண்டனான்.”

பிள்ளை நிலத்தைப் பார்த்தாள். காது இரண்டும் சிவந்துவிட்டன. நான் மேசைக்குப் பின்னால் நின்றேன். கிட்டப் போயிருக்கவேண்டும், ஏதாவது சொல்லித் திசை திருப்பியிருக்கவேண்டும். தகப்பன் மகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது தெரிந்தது.

“அவ வரேல்லை” என்றார் அந்தத் தாயிடம். “இண்டைக்கு அவவுக்கு ஏலாது.”

“அப்ப கூழ்?”

“நான் கேட்டுச் சொல்லுறன்.”

அவர் சைக்கிளை எடுத்தார். மகள் பின் கரியரில் ஏறினாள்.

வெள்ளிக்கிழமை தோட்டத்துப் பக்கம் போகப் பயமாக இருந்தது. போனேன். அவர் உடனே வந்தார்.

“உங்களுக்கு முதலே தெரியும், என்ன?”

“ஓம். குறை நினையாதேங்கோ.”

அவர் கோபப்படவில்லை. வேலிக் கதியாலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அண்டைக்கு வீட்டை போகேக்கை, பாதி வழியிலை பின்னாலை இருந்து கேட்டாள், ‘ஏனப்பா பொய் சொன்னனீங்கள்?’ எண்டு. முதல் எனக்கு அவள்தான் கேட்டவள் எண்டு விளங்கேல்லை. குரலே மறந்துபோச்சுது, ரீச்சர்.”

“நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

“நீ சொன்னதை நான் எப்பிடி இல்லை எண்டுறது எண்டு கேட்டன். பிறகு சைக்கிளை நிப்பாட்டிப்போட்டு ரோட்டுக் கரையிலை இருந்தம். தாய் செத்த அண்டைக்கும் அழாதவள்.” கதியாலில் ஒரு இலையைக் கிள்ளிப் போட்டுவிட்டு, “இப்பவும் கனக்கக் கதைக்கிறேல்லை. உப்புக் காணாது, தண்ணி வார்க்கட்டோ, அவ்வளவுதான். எனக்கு அதுவே காணும்” என்றார்.

வகுப்பில் அவள் கூட்டத்துக்குப் பிறகு அடங்கிப்போயிருந்தாள். அம்மா கதை நின்றுவிட்டது. சிநேகிதிகளுக்கு என்ன சொன்னாள் என்று தெரியாது. ஒருத்தி மட்டும் மேசைக்கு வந்து, “ரீச்சர், அவளுக்கு என்ன?” என்று கேட்டாள். “ஒண்டுமில்லை, போய் இரு” என்றேன். அதையும் அவரிடம் சொல்லலாமா என்று வேலியோரம் நின்று யோசித்தேன். அவர் முந்திக்கொண்டார்.

“இனி நீங்கள் மினக்கெட வேண்டாம், ரீச்சர். இவ்வளவு தூரம் சுத்தி வந்தனீங்கள்.”

“ஓம்” என்றேன்.

சோளகக் காற்று முகத்தில் அடித்தது. சைக்கிளில் ஏறி உழக்க முடியாமல் உருட்டிக்கொண்டு நடந்தேன். வகுப்பில் இன்னும் முப்பத்தொன்பது பிள்ளைகள். அவர்களுடைய வீடுகளில் யார் கதைக்கிறார்கள், யார் கதைக்காமல் இருக்கிறார்கள் என்று எனக்கு ஒன்றும் தெரியாது. வேறு ஒருவரும் வந்து கேட்கவில்லை. கேட்கவில்லையே என்று அன்றைக்கு எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது.