ஐந்தாம் பரண்

அவளைக் கடந்து போனவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். முகத்தை ஞாபகம் வைத்திருப்பவர்கள் பத்துப் பேர் தேற மாட்டார்கள். அவளிடம் வந்து சேரும்போது அநேகமாக எல்லாருக்கும் கண் மூடியிருக்கும், வாய் திறந்திருக்கும்.

மலைப் பள்ளத்தாக்கின் குறுக்கே இரும்புக் கம்பி இழுத்துக் கட்டி, இடுப்பில் பெல்ட் மாட்டி, கப்பியில் தொங்கவிட்டு ஆட்களைக் காட்டுக்கு மேலே பறக்கவிடும் கம்பெனி அது. விடுமுறைக்கு வருகிறவர்கள் அதை ஜிப்லைன் என்பார்கள். வேலை செய்கிறவர்களுக்கு அது வெறும் கம்பி. மரங்களின் உச்சியில் பலகை அடித்த மேடைகளைப் பரண் என்றார்கள். மொத்தம் ஆறு பரண். அவளுடையது ஐந்தாவது. அதனால் அவள் பரணக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்த கேன்டீன்காரரும் அப்படித்தான் கூப்பிட்டார்.

மற்றப் பரண்களில் நிற்பவர்கள் நடுவில் படியிறங்கிப் போய் டீ குடித்துவிட்டு வரலாம். ஐந்தாம் பரணுக்குப் படி கிடையாது. பள்ளத்தாக்கின் நடுவே, ஆற்றுக்குள் துருத்திக்கொண்டிருந்த பாறைத் திட்டில் வளர்ந்த மரம் அது. பத்து மாடி உயரம். கரையிலிருந்த நாலாம் பரணிலிருந்து ஆட்கள் கம்பியில் அவளிடம் வருவார்கள். அவள் பிடித்து நிறுத்தி, கொக்கியைக் கழற்றி, அடுத்த கம்பியில் மாட்டி, அதே கரையில் சற்றுத் தாழ்வாக இருந்த ஆறாம் பரணுக்கு அனுப்பி வைப்பாள். ஆளுக்கு நாலு நிமிஷம். காலை எட்டு மணிக்கு முதல் ஆளாக வந்து இறங்கினால், சாயங்காலம் ஐந்து மணிக்குக் கடைசி ஆளின் பின்னால்தான் அவள் கரையேற முடியும். இடையில் ஒன்பது மணி நேரம் எட்டடிக்கு எட்டடிப் பலகை.

"காலை நீட்டுங்க, கையை விடாதீங்க, கீழ பாக்காதீங்க." ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்வாள். தூக்கத்திலும் சொல்வதாக மகள் கேலி செய்வாள். வேலை நாட்களில் காலையில் அரை டம்ளர் காப்பியோடு சரி, சாயங்காலம் வரை தண்ணீர் குடிக்க மாட்டாள். காரணம் எந்தப் பெண்ணுக்கும் சொல்லாமல் புரியும்.

அவள் அங்கே வந்து சேர்ந்தது ஆசைப்பட்டு அல்ல. அவள் கணவன் அதே கம்பெனியில் ஜீப் ஓட்டினான். ஒருநாள் ஜீப் கவிழ்ந்து அவன் வலது முழங்கால் நொறுங்கியது. பிரேக் மிதிக்க முடியாத காலை வைத்துக்கொண்டு ஜீப் ஓட்ட முடியுமா? கம்பெனி கொடுத்திருந்த வீட்டைக் காலி செய்யும் நிலை. அந்தச் சமயத்தில் ஐந்தாம் பரணில் ஆள் நிற்கவில்லை. வந்தவர்கள் ஒரே வாரத்தில் ஓடினார்கள். மேனேஜர் வீட்டு வாசலில் நின்று, அவள் அங்கே நிற்கிற வரைக்கும் வீடு உங்களுக்கு என்று சொன்னார். ஆறு மாசம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றுவிடலாம் என்று நினைத்துப் போனாள். அப்போது மகள் முதல் வகுப்பு. இப்போது பன்னிரண்டாம் வகுப்பு.

அந்த வீடும் ஒன்றும் மாளிகை இல்லை. வண்டி நிறுத்தும் கொட்டகைக்குப் பின்னால் இரண்டு அறை. ஜன்னலைத் திறந்தால் தகரம், கதவைத் திறந்தால் டீசல் வாசனை. கணவன் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து கம்பெனியின் ஹெல்மெட்டுகளுக்கு வார் மாற்றிக்கொண்டிருப்பான். அறை முழுக்க ஹெல்மெட்டுகள் தலையில்லாமல் உட்கார்ந்திருக்கும். மகள் அவற்றுக்கு நடுவில் படித்தாள்.

ஆட்கள் வராத நேரத்தில் பரணக்கா கீழே பார்ப்பாள். பார்க்காதீர்கள் என்று மற்றவர்களுக்குச் சொல்வாளே தவிர, அவளுக்கு வேறு பார்க்க என்ன இருந்தது? பாறைத் திட்டிலிருந்து கரைக்குத் தண்ணீர் எங்கே முழங்கால் அளவு, எங்கே ஆள் மூழ்கும் என்பதை மான்கள் கடப்பதைப் பார்த்தே தெரிந்து வைத்திருந்தாள். நீர்நாய்கள் குட்டிகளை எந்தப் பாறை இடுக்கில் ஒளிக்கும், தேன் எடுக்கிறவர்கள் எந்தச் சரிவில் ஏறி ரோட்டைப் பிடிப்பார்கள், எல்லாம் அத்துபடி. ஆற்றின் திருப்பத்துக்கு அப்பால் ஓர் அருவி இருந்தது. அந்த ஊருக்கு வருகிறவர்கள் வேறு வழியாகப் போய், உச்சியில் நின்று அதைப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு திரும்புவார்கள். அவளுக்குச் சத்தம் மட்டும்தான். அடுத்த வீட்டுச் சண்டை மாதிரி நாள் முழுக்கக் கேட்கும், கண்ணில் படாது.

அன்றைக்கு மழை இல்லை. காற்றுதான். பதினோரு மணிவாக்கில் ஒரு குடும்பம் வந்தது. மகன் வந்தான், அவனை ஆறாம் பரணுக்கு அனுப்பினாள். மருமகள் வந்தாள், அனுப்பினாள். மூன்றாவதாக வந்தவர் மாமியார். அறுபது வயது இருக்கும். சொந்தமாகத் தையல் கடை வைத்திருப்பவராம். கண்ணைத் திறந்துகொண்டே வந்தார். வந்து நின்றதும் முதல் வேலையாகத் தன் இடுப்பு பெல்ட்டைத் திருப்பி அதன் தையலைப் பார்த்தார்.

"மூணு ஓட்டுத் தையல் போட்டிருக்கான். பரவாயில்ல. புறப்படும்போதே பாத்திருக்கணும்."

பரணக்கா சிரித்துக்கொண்டே அவர் கொக்கியில் கை வைத்தாள். அப்போது கரைப் பக்கம் பெரிய முறிவுச் சத்தம். நாலாம் பரணுக்கும் ஆறாம் பரணுக்கும் நடுவில் நின்ற மரம் ஒன்று காற்றில் சாய்ந்து இரண்டு கம்பிகளின் மீதும் ஒருசேர விழுந்தது. பரண் ஓர் ஆட்டம் ஆடி நின்றது. பரணக்கா அந்த அம்மாவை மரத்தோடு சேர்த்துக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

இடுப்பிலிருந்த ரேடியோவில் மேனேஜர் பேசினார். கம்பி அறுந்து போகவில்லை, ஆனால் மரத்தை அறுத்து எடுத்து, கம்பியைச் சோதித்த பிறகுதான் ஆளை விட முடியும், அதற்கு நகரத்திலிருந்து இயந்திரம் வரவேண்டும், மறுநாள் காலை ஆகும் என்றார். மீட்புக்காரர்களுக்கும் சொல்லியாயிற்று, அவர்களும் விடிந்துதான் வருவார்களாம். கரையிலிருந்து மகன் கையை ஆட்டி என்னவோ கத்தினான். காற்று அதை வேறு பக்கம் கொண்டு போயிற்று.

முதல் ஒரு மணி நேரம் தையல்கார அம்மா தைரியமாகத்தான் இருந்தார். பிறகு தயங்கித் தயங்கிக் காதோடு ஒன்று கேட்டார். பரணக்கா மழைக்கோட்டை விரித்து மறைவாகப் பிடித்துத் திரும்பி நின்றாள்.

"கீழ யாராவது இருப்பாங்களா?"

"மீன் இருக்கும்மா."

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் முகம் மாறியது. தினமும் நீ என்ன செய்கிறாய் என்று கேட்டார். பரணக்கா சொன்னாள். எத்தனை வருஷமாக என்றார். அதையும் சொன்னாள். பலகையை நீளவாக்கில் ஒருமுறை, அகலவாக்கில் ஒருமுறை கண்ணால் அளந்தார்.

அவருக்குச் சர்க்கரை வியாதி. காலையில் ஊசி போட்டுக்கொண்டு வந்திருந்தார். வேளாவேளைக்குச் சாப்பிட்டாக வேண்டும். பிஸ்கட் எல்லாம் மகன் பையில் இருந்தது. பரணக்கா தன் சாப்பாட்டு டப்பாவை அப்படியே அவரிடம் கொடுத்தாள். பாதியாவது நீ எடுத்துக்கொள் என்று அவர் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. அது முடிந்தால் மறுநாள் காலை வரை அங்கே ஒரு பருக்கை கிடையாது. இரண்டு மணிக்கு அவர் விரல்கள் இலேசாக நடுங்குவதைப் பார்த்தாள். பயமா, சர்க்கரையா, தெரியவில்லை. தெரிந்துகொள்ளக் காத்திருக்க அவளுக்கு மனமில்லை.

பரணில் ஓர் இரும்புப் பெட்டி இருந்தது. அதில் ஆபத்துக்கென்று நீளக் கயிறும், எட்டு என்ற எண் போல வளைந்த ஓர் இரும்பும் கிடந்தன. வேலைக்குச் சேர்ந்தபோது மூன்று நாள் பயிற்சியில் அதை வைத்து ஆளை இறக்கக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அதன் பிறகு வருஷம் ஒருமுறை கயிறு மாறும். அவள் அதைத் தொட்டதில்லை. ரேடியோவை எடுத்து, கீழே இறக்கி ஆற்றோரமாக நடத்திக் கூட்டி வருகிறேன் என்றாள்.

மேனேஜர் பதறினார். "அங்கயே இரு. கீழ இறங்கினா அப்புறம் பொறுப்பு உன்னோடது."

"மேலயே இருந்து இவங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா அது யாரு பொறுப்பு சார்?"

அவள் ரேடியோவை அணைத்து இடுப்பில் செருகினாள்.

தையல்கார அம்மா கயிற்றை விரலால் நசுக்கிப் பார்த்தார், முடிச்சை இழுத்துப் பார்த்தார். "உனக்கு வழி தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும்மா. நடந்தது இல்ல."

அவர் தலையாட்டினார். கயிற்றை இரும்பில் சுற்றி, அங்குலம் அங்குலமாக விட்டு அவரை இறக்கினாள். உள்ளங்கைத் தோல் உரிந்தது. கீழே போய்ச் சேர்ந்து கொக்கியைக் கழற்றிவிட்டுக் கையசைத்த உருவம் ஒரு நூல்கண்டு அளவுக்கு இருந்தது. பிறகு கயிற்றின் மேல்முனையை மரத்தில் கட்டித் தானும் இறங்கினாள். நூறு பேரை நாள்தோறும் பறக்கவிட்டவளுக்கு அன்று நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பாறையில் கால் பட்டதும் கொக்கியைக் கழற்றினாள்.

மான் கடக்கும் இடத்தில் ஆற்றைக் கடந்தார்கள். மேலிருந்து பார்த்தபோது கூழாங்கல்லாகத் தெரிந்தவை எல்லாம் இடுப்பளவு பாறைகள். பரணக்காவின் ஒரு செருப்பு தண்ணீரோடு போயிற்று. இன்னொன்றை அவளே கழற்றி எறிந்தாள். ஏற முடியாத இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே வானம் ஒரு வார் மாதிரி தெரிந்தது. திரும்பி ஏற வழியில்லை, முன்னால் போக வழி இருக்கிறது என்பது அவள் கண் சொன்ன கணக்கு மட்டும்தான். தான் நினைத்தது தப்பாக இருந்தால் இந்த அம்மாவைக் கிணற்றுக்குள் கொண்டு வந்து விட்டதாக ஆகுமே என்று பயந்தபடியே நடந்தாள். தையல்கார அம்மா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, பேசினால் தலை சுற்றாது என்று சொல்லி, தன் கடையில் தைக்கக் கொடுத்த துணியை வாங்க வராமலே போன வாடிக்கைக்காரர்களின் கதைகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

முக்கால் மணி நேரம் நடந்து திருப்பத்தைத் தாண்டினார்கள். அருவி எதிரே நின்றது.

அவள் சந்தோஷப்பட்டிருப்பாள் என்று பின்னால் இந்தக் கதையைக் கேட்டவர்கள் எல்லாரும் நினைத்தார்கள். முதலில் வந்தது கோபம். இவ்வளவு பக்கத்திலா இருந்தது? பதினோரு வருஷம் முதுகுக்குப் பின்னால், கூப்பிடு தூரத்திலா? முகமெல்லாம் சாரல் அடிக்க நின்று அழுதாள். தையல்கார அம்மா ஒரு பாறையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். தாகம் தாங்காமல் பரணக்கா இரண்டு கையிலும் தண்ணீரை ஏந்தி ஏந்திக் குடித்தாள்.

தேன் எடுக்கிறவர்களின் சரிவு, பரணிலிருந்து அதன் உச்சியை மட்டும் பார்த்து அவள் கணித்திருந்த இடத்திலேயே இருந்தது. வேர்களைப் பிடித்து, நின்று, உட்கார்ந்து ஏறி, வெளிச்சம் மங்கும்போது ரோட்டைத் தொட்டார்கள். கடைசி ஏற்றத்தில் அந்த அம்மாவை அவள் பாதி தூக்கிக்கொண்டுதான் வந்தாள். அணைத்திருந்த ரேடியோவைத் திரும்பப் போட்டு இடத்தைச் சொன்னாள். ஜீப் வந்தது. மகன் அம்மாவின் வாயில் சர்க்கரையைப் போட்டுக் கட்டிக்கொண்டு அழுதான். பரணக்காவின் கணவன் அந்தக் காலை இழுத்துக்கொண்டு கம்பெனி வாசல் வரை நடந்து வந்து நின்றிருந்தான். அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"செருப்பு எங்க?" என்றான்.

ஒரு வாரம் எல்லாரும் அவளைப் புகழ்ந்தார்கள். மேனேஜர் முதலில் திட்டினார், பிறகு யோசித்தார். இரண்டு மாசத்தில் கம்பெனி அந்தச் சரிவின் வழியாக ஆற்றுக்கு இறங்கி அருவிக்கு அடியில் போய்வரும் புதிய நடைப்பயணம் ஒன்றை ஆரம்பித்தது. வாசலில் பெரிய படம் மாட்டினார்கள். வழி காட்டும் வேலையைத் தனக்குக் கொடுக்கும்படி அவள் கேட்டாள். அந்த வழியைக் கண்டுபிடித்தவளே அவள்தானே. மேனேஜர் மறுக்கவில்லை. ஐந்தாம் பரணுக்கு ஆள் கிடைத்ததும் மாற்றிவிடுகிறேன் என்றார். மூன்று பேர் வந்தார்கள். ஒருவன் முதல் நாளே கம்பியில் ஏற மறுத்தான். இன்னொருத்தி நாலு நாள். மூன்றாமவன் பத்தாம் நாள் சொல்லாமல் போய்விட்டான். "நீயும் போயிட்டா அங்க யாரும்மா நிப்பா?" என்று மேனேஜர் வருத்தமாகவே கேட்டார். வீட்டைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. திறக்க வேண்டிய அவசியமும் இல்லை.

ஆனால் அவள் சும்மா திரும்பிப் போகவில்லை. அன்றைக்கு நடந்ததை ஒன்று விடாமல் எழுதி, கீழே தையல்கார அம்மாவின் கையெழுத்தையும் தபாலில் வாங்கி, கம்பெனிக்கும் அதைச் சோதிக்கிற அலுவலகத்துக்கும் கொடுத்தாள். எழுதித் தந்தது மகள். அதன் பலனாக ஐந்தாம் பரணின் மரத்தோடு சேர்த்து இரும்பு ஏணி வந்தது. பாறைத் திட்டில் தகரக் கதவு போட்ட ஒரு கழிப்பறை வந்தது. மதியம் நாற்பது நிமிஷம் கம்பி நிற்கும் என்று ஆயிற்று.

இறங்கப் பத்து நிமிஷம், ஏறப் பதினைந்து. மிச்சம் பதினைந்து நிமிஷம் அவளுடையது. மான் கடக்கும் இடத்தில் ஆற்றைக் கடந்து ஏழு நிமிஷம் நடப்பாள். அருவி இருக்கும் திருப்பம் தூரத்தில் தெரியும்போது கைக்கடிகாரத்தைப் பார்த்துத் திரும்புவாள். புதிய பயணத்தில் வந்து, அருவி முடிந்து ஆற்றோரமாகக் கொஞ்ச தூரம் உலாவுகிறவர்கள் நனைந்த தலையோடு சிரித்துக்கொண்டு எதிர்ப்படுவார்கள். தண்ணீர் இன்றைக்கு எப்படி என்று சில நாள் அவர்களிடம் கேட்பாள். நிறைய என்பார்கள், கொஞ்சம்தான் என்பார்கள். ஏணியில் பாதி ஏறியிருக்கும்போதே இடுப்பில் ரேடியோ கூப்பிடும், நாலாம் பரணில் ஆள் தயார் என்று. வந்துட்டேன் என்பாள்.