அவர் சொல்லாத வார்த்தை

கல்லூரியில் மூன்றாம் வருஷம் எங்களுக்கு ஒரு பழைய இங்கிலாந்து நாவல் பாடம். விக்டோரியா ராணி காலத்துக் கதை. ஏழை வீட்டுப் பெண். வேலைக்குப் போன இடத்தில் ஒருவன் அவளைக் கெடுத்துவிடுகிறான். பிறகு வேறொருவன் உயிராய் நேசித்துக் கட்டிக்கொள்கிறான். கல்யாணமான அன்றே அவனிடம் எல்லாவற்றையும் சொல்கிறாள். அவன் விட்டுப் போகிறான். அதன் பிறகு அவள் சாகும்வரை பக்கம் பக்கமாக ஊர் அவளைத் துரத்துகிறது.

கடைசி அத்தியாயம் முடிந்த மத்தியானம் பேராசிரியர் புத்தகத்தை மூடி வைத்தார். "இவ தூய்மையானவளா? ஆமாங்கறவங்க கை தூக்குங்க."

எங்களோடு படித்த கன்னியாஸ்திரி ஒருத்தர் மட்டும்தான் தூக்கினார். "சிஸ்டரே பாஸ் போட்டுட்டாங்கப்பா, அப்புறம் என்ன!" என்று பின் பெஞ்சு சிரித்தது. என் பக்கத்தில் இருந்த தோழி இரண்டு கைகளையும் மேசைக்கடியில் வைத்திருந்தாள். நான் எழுந்தேன். எழாமல் இருக்க எனக்கு எப்போதுமே தெரியாது.

"தூய்மையெல்லாம் தெரியாது சார். அவ செஞ்ச ஒரே தப்பு, சொன்னது. வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா நல்லா வாழ்ந்திருப்பா."

வகுப்பே கை தட்டியது. தகரக் கூரையில் விழும் மழைபோல அந்தக் கைதட்டல் இப்போதும் சில மத்தியானங்களில் வந்துவிட்டுப் போகிறது. எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அதற்கு வயதாகவில்லை.

அந்தக் கல்லூரி வருஷக் கடைசியில் தோழிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை எங்கள் ஊர் உப்பளம் பகுதிக்காரர். அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா, பழைய சிப்பாய். மகனுக்கும் பிரான்சில்தான் வேலை. ஒரு மாத லீவில் வந்திருந்தார். லீவு முடிவதற்குள் எல்லாம் முடியவேண்டும். அவர்களுடைய கிறிஸ்தவ வேதத்தில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், இதற்கு ஏதாவது விக்கினம் இருப்பது யாருக்காவது தெரிந்தால் சாமியாரிடம் வந்து சொல்லக் கடமைப்பட்டிருக்கிறீர்கள் என்று. நான் அந்த வேதம் இல்லை. முதல் ஓலைக்கு அவள் கூப்பிட்டாள் என்று போய் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். விக்கினம் என்ற சொல் ஒலிபெருக்கியில் வந்தபோது அவள் நகம் என் மணிக்கட்டில் இறங்கியது.

வெளியே வந்து, சைக்கிள்கள் நிறுத்தியிருந்த வேப்பமரத்தடியில் சொன்னாள். இரண்டு வருஷம் முன்பு கோடை லீவில் தட்டாஞ்சாவடியில் ஒரு சின்னக் கம்பெனிக்கு டைப் அடிக்கப் போனாளே, அந்த முதலாளி. கதவு. மத்தியானச் சாப்பாட்டு நேரம். மெஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

"மூணாவது ஓலை வாசிக்கறதுக்குள்ள அவருக்குத் தெரியணும். வேணாம்னா அவரே நிறுத்திடட்டும். என்னைத் தனியா பாக்க விட மாட்டாங்க. நீதான் போய்ச் சொல்லணும்."

"நானா? கிளாஸ்ல நான் பேசினத கேட்ட இல்ல?"

"கேட்டேன். அன்னைக்கு உன்ன அறையலாம்னு இருந்துச்சு. ஆனா உனக்குத்தான்டி பேச வரும்."

போவதற்கு ஒரு சாக்கும் இருந்தது. மாப்பிள்ளை அவளுக்காக பிரான்சிலிருந்து ஒரு குளிர்கோட்டு வாங்கி வந்திருந்தார். அளவு சரியா என்று பார்க்க வேண்டும். கல்யாணத்துக்கு முன் பெண் அந்த வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது. அவள் உடம்புவாகு உள்ள தோழி யாராவது வந்து போட்டுக் காட்டினால் போதும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். இரண்டாம் ஓலை முடிந்த மறுநாள் உப்பளத்துக்குப் போனேன்.

மே மாத வெயில். கழுத்துவரை கம்பளிக் கோட்டு. மாப்பிள்ளை எட்டவே நின்று, "தோள் பிடிக்குதாங்க?" என்று கேட்டார். கூச்சமான மனுஷர். அவர் அம்மா என்னைச் சுற்றி வந்து பொத்தான்களைப் போட்டுவிட்டார்.

"உன் சிநேகிதிக்குக் குளிர் தாங்குமாம்மா? இந்தப் பய அதையேதான் கேட்டுக்கிட்டுக் கிடக்கறான். பக்கத்துத் தெருவுல ஒரு பொண்ணுக்கு ரெண்டாவது ஓலையில நின்னு போச்சு, கேள்விப்பட்டியா? யாரோ போய் சாமியார்கிட்ட சொல்லிட்டாங்க. இன்னிக்கி வரைக்கும் அது ஜன்னல்கூட தொறக்கறதில்ல. எங்களுக்குக் கர்த்தர் சுத்தமான பொண்ணா குடுத்துட்டாரு."

அம்மா காபி எடுக்க உள்ளே போனார். இரண்டு நிமிஷம் இருந்தது. அவர் என்னைப் பார்த்தார், ஏதோ சொல்ல வந்திருக்கிறேன் என்று தெரிந்ததுபோல. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. நாவலில் வந்த அந்தக் கணவனைத்தான் பார்த்தேன். சொன்னால் இவரும் தொப்பியை எடுத்துக்கொண்டு இருட்டில் இறங்கிப் போய்விடுவார் என்று தோன்றியது. இவரிடம் தொப்பியே கிடையாது. காபியைக் குடித்தேன். கோட்டைக் கழற்றிக் கொடுத்தேன். நனைந்த ரவிக்கையோடு சைக்கிளை மிதித்தேன்.

அவள் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் வாக்கியம் தயாராகிவிட்டது. அதுதான் பயங்கரம். அவ்வளவு சுலபமாக வந்தது.

"சொல்லிட்டேன்டி. கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டார். அப்புறம், 'அது அவங்களுக்கு நடந்தது, அவங்க செஞ்சது இல்ல. இனிமே அதப் பத்தி எங்கிட்டகூட சொல்ல வேணாம்னு சொல்லுங்க'ன்னார்."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அழுதாள், சிரித்தாள், மூக்கைத் தாவணியில் துடைத்துக்கொண்டாள். "இன்னொரு வாட்டி சொல்லு." சொன்னேன். ஒரு எழுத்து மாறாமல் சொன்னேன்.

மூன்றாம் ஓலை வாசித்தார்கள். கோயிலில் யாரும் எழவில்லை.

பிற்பாடு நான் எழுதினேன், அச்சிலும் வந்தது, என் உரைநடையில் தாளம் இருக்கிறது என்றெல்லாம் சொன்னார்கள். ஆனால் நான் எழுதிய எதையும் யாரும் அவள் அதை வைத்து வாழ்ந்ததுபோல வைத்து வாழ்ந்ததில்லை. பிரான்சிலிருந்து வந்த நீலக் கடிதங்களில் என் வாக்கியம் திரும்பி வரும். மாமியார் வந்து தங்கிப் படுத்தினாராம், அந்த வார்த்தையை நினைத்துக்கொண்டாளாம். பெண் பிறந்திருக்கிறாளாம், அப்படிப்பட்ட மனுஷருக்குப் பிறந்தவளாம். அவர் கோபத்தில் நாலு நாள் பேசாமல் இருந்தாராம், பரவாயில்லையாம், ஒரு தடவை பேசினாரே. இதைச் சொல்லி நான் எங்கும் கேட்டிராத அவர் குரல், அரிசி களையும்போது, பேருந்தில் கண்ணயரும்போது, என் காதோரம் வந்து என் சொற்களையே சொல்லும். வழி தவறிப் பழைய முகவரிக்கே வரும் ஒருவரைப்போல. நான் கதவைத் திறப்பதில்லை.

இந்த வருஷம் அவளும் கணவரும் ஊருக்கு வந்திருந்தார்கள். ஒரு காலை ரெட்டியார்பாளையத்தில் என் வீட்டுக்கு அவள் மட்டும் ஆட்டோவில் வந்தாள். கரண்ட் இல்லை. விசிறிக்கொண்டே பேசினாள். மகள் அங்கே ஒரு பையனோடு ஒரே வீட்டில் இருக்கிறாளாம். இப்போதுதான் சொல்லியிருக்கிறாள். அப்பா போனை வைத்தவர் வைத்தவர்தான். அவள் பேரைக்கூட எடுப்பதில்லை. கெட்டுப்போனவள் எனக்கு மகள் இல்லை என்றாராம்.

"எனக்கு ஒண்ணும் புரியலடி. எனக்கே அப்படிச் சொன்ன மனுஷன், பெத்த பொண்ணுக்கு ஏன் இப்படி ஆயிட்டாரு? இத்தன வருஷமா அவர் கேட்டுக்கிட்டாருன்னு நான் அந்தப் பேச்சே எடுக்கல. இன்னிக்கு எடுக்கப் போறேன். அன்னைக்கு என் சிநேகிதிகிட்ட என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கான்னு கேக்கப் போறேன்."

என் கையில் பீன்ஸ் இருந்தது. நறுக்கிக்கொண்டே இருந்தேன். பேசாமல் இருந்தால் அவள் மத்தியானம் போய்க் கேட்பாள். அவர் 'எதை?' என்பார். அந்த 'எதை'யில் அவள் வீடு இடிந்துவிடும்.

"அவர்கிட்ட நான் சொல்லல."

"என்ன?"

"அன்னைக்கு. ஒண்ணுமே சொல்லல. கோட்டு போட்டுப் பாத்தேன், வந்துட்டேன். அந்த வார்த்தை அவருது இல்ல."

"பின்ன யாருது?"

"என்னுது."

விசிறி நின்றது.

"அப்ப நான் இத்தன வருஷம் குடித்தனம் பண்ணது உன்னோடயா?" என்றாள். நான் சிரித்துவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. அவள் சிரிக்கவில்லை. "அவருக்கு ஒரு வாய்ப்பு குடுத்திருக்கலாமேடி நீ. ஒரு மனுஷன் என்ன சொல்லுவான்னு புஸ்தகத்தப் பாத்தா முடிவு பண்ணுவ?"

பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நானும் வருகிறேன், நானே சொல்கிறேன் என்றேன்.

"வேணாம். இந்த வாட்டி என் வாயால சொல்லிக்கறேன்."

அடுத்த நாள் நான்தான் போன் செய்தேன். முதலில் எடுக்கவில்லை. சாயங்காலம் எடுத்தாள்.

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னார்?"

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி இழுபடும் சத்தம். அவர் அதே அறையில் இருந்தாரா, வேறு யாராவதா, தெரியாது.

"அத உங்கிட்ட சொல்ல மாட்டேன். சொன்னா நீ அதத் திருத்தி வெப்ப."

அவர்கள் திரும்பிப் போய் ஐந்து மாதம் ஆகிறது. இருவரும் ஒரே விமானத்தில்தான் போனார்கள் என்று அவள் அண்ணன் சொன்னார். அங்கே விமானநிலையத்தில் மகள் வந்து நின்றாளா என்று கேட்க வாய் வரவில்லை. இப்போதெல்லாம் அந்தக் குரல் பேசுவதில்லை. காதோரம் வந்து, மூச்சை இழுத்து, சொல்லப்போவதுபோல நிற்கிறது, அவ்வளவுதான். பழக்கத்தில் சொற்கள் தாமாகவே எனக்குள் வரிசை கட்டுகின்றன; கனிவாய் ஒன்று, கொடுமையாய் ஒன்று, நடுவில் ஒன்று. பேனாவை எடுக்காமல் உட்கார்ந்திருக்கிறேன். அவர் சொன்னது எதுவோ, அது அவளிடம் இருக்கிறது.