கார்த்திகையில் ஏறிய நான்கு புள்ளிகள்

"இந்நூலிலுள்ள வரைபடங்களை எவர் கையும் வரையவில்லை; குறிப்பேட்டின் அளவுகளிலிருந்து அவை தாமே உருவானவை." எங்கள் புத்தகத்தின் முன்னுரையில் இந்த வரியை எழுதியவன் நான். அது பொய் என்று எனக்கு முதலில் உணர்த்தியவர் எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஒரு பெண்மணி.

பிள்ளையார்பாளையத்தில் ஜக்கார்டு தறிகளுக்குக் கட்டத்தாளில் டிசைன் போடுவது என் பிழைப்பு. ஒரு புள்ளி ஒரு கட்டம் தள்ளிப்போனால் புடவை நெடுகிலும் அன்னத்தின் கழுத்து முறிந்து நிற்கும். எதையும் தேதி போட்டுக் குறித்து வைப்பது என் பழக்கம். ஒன்பது ஆண்டுகளாக ஞாயிறு தவறாமல், ஐயம்பேட்டை தாண்டியிருக்கும் நண்பனின் ஊருக்குப் போய், ஏரி மதகில் பதித்திருக்கும் அளவுகோலைப் பார்த்து வந்தேன். அவன் படியிறங்கி நீர்மட்டத்தைக் கத்துவான். கரையில் நின்று நான் எழுதுவேன். பிறகு மேலே வந்து, எழுதியதைச் சரிபார்த்து, 'பார்த்தவர்' என்ற பத்தியில் கையெழுத்துப் போடுவான்.

அதைப் புத்தகமாக்கலாம் என்று சொன்னவனும் அவன்தான். கல்லூரியில் புள்ளியியல் படித்தவன். அளவுகளைக் கணினியில் ஏற்றினோம். புத்தகத்தின் உரைக்கு நடுவிலேயே வரைபடத்துக்கான கட்டளையும் இருக்கும். ஒவ்வொரு முறை பக்கங்களைக் கோத்தெடுக்கும்போதும் கணினி அளவுகளைப் படித்து, 'இங்கிருந்து அங்கே கோடு போடு' என்று வரிவரியாக அச்சுமொழியில் எழுதிக்கொள்ளும். அந்த வரிகளே தாளில் படமாகும். படத்துக்குள் இருக்கும் 'ஐப்பசி'யும் பக்கத்துப் பத்தியில் இருக்கும் 'ஐப்பசி'யும் ஒரே எழுத்தில் நிற்பதை முதன்முறை பார்த்தபோது, புதுப் புடவையை விரித்துப் பார்ப்பதுபோல் அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தமிழ் எழுத்துரு அவன் கணினியில்தான் ஒழுங்காக வந்தது. கடைசியாகக் கோத்தெடுத்து அச்சகத்துக்கு அனுப்பும் வேலையை அவனே ஏற்றுக்கொண்டான்.

புத்தகம் வந்த ஞாயிறன்று, கடைமடையில் குத்தகைக்குப் பயிர் வைக்கும் ஓர் அம்மா எங்களைத் தேடி மதகுக்கே வந்தார். சில ஆண்டுகளுக்கு முன் பருவத்தின் நடுவிலேயே ஏரி வற்றிப்போய் ஊர்ப்பயிர் காய்ந்தது. கடைமடைக்காரர்கள் முறை மீறித் தண்ணீர் எடுத்ததுதான் காரணம் என்று ஊர்க்கூட்டத்தில் பழி போட்டு, அவர்களுடைய தண்ணீர் முறையைக் கடைசிக்குத் தள்ளிவிட்டார்கள்.

"அந்த வருஷம் எது சார்?" என்றார். பக்கத்தை எடுத்துக் காட்டினேன். மாதங்களை எழுத்துக்கூட்டி, விரலால் கோட்டைத் தடவிக்கொண்டே போனார்.

"கார்த்திகைல தண்ணி இருக்குதே! நாங்க நாத்து நடறதுக்கு முன்னாடியே ஏரித் தண்ணி பாதிக்கு மேல பூடுச்சு சார். நீங்க பாக்கல?"

பார்த்திருந்தேன். ஐப்பசியில் நிரம்பிய ஏரி, கார்த்திகையின் நான்கு ஞாயிறுகளில் படிப்படியாக இறங்கியது என் கையெழுத்திலேயே இருக்கிறது. படத்திலோ கோடு கார்த்திகை முடியும்வரை மட்டமாகப் போய், மார்கழியில் நடவு தொடங்கியதும் சரிந்தது. நண்பன் அளவுகோலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்து, அவன் அனுப்பியிருந்த கோப்புகளைத் திறந்தேன். நான் சரிபார்த்து ஒப்புதல் கொடுத்தது புதன்கிழமை. அந்த வரைபடத்தின் கோப்பு மாறியிருந்தது வெள்ளிக்கிழமை. அளவுகளைப் படித்து வரையும் கட்டளையை அணைத்துவிட்டு, முன்பே உருவான வரிகளை அப்படியே சேர்த்திருந்தான். அவற்றில் நான்கு வரிகளில் மட்டும் எண்களைக் கையால் மாற்றியிருந்தான். எழுத்தாக இருக்கும் படத்தில் எழுத்துத் தெரிந்த எவரும் கை வைக்கலாம் என்று எனக்கு அதுவரை தோன்றவே இல்லை.

மறுநாள் ஐயம்பேட்டை பஸ் நிறுத்தத்து டீக்கடையில் அவனைப் பிடித்தேன்.

"நாலு புள்ளிதானேப்பா. ஒம்போது வருஷத்துல நாலு."

"அந்த நாலையும் படியில நின்னு கத்துனது நீ."

"கத்துனேன். இல்லன்னு சொன்னேனா? ஏரிக்குள்ள, உள்வாயில, எங்க அண்ணன் கத்திரிச் செடி வச்சிருந்தாரு. தண்ணில முழுவிப் பூடும்னு மதகு ஷட்டர தூக்கி வுட்டுட்டாரு. இப்ப எலெக்ஷன்ல நிக்கறாரு. நீ பஸ் ஏறிப் பூடுவ, நான் அந்த ஊர்லதான இருக்கணும்?"

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா ஒத்துக்கினு இருப்பியா?"

"மாட்டேன்."

"அப்புறம் இன்னா?"

"பின்னாடி அட்டவணைல மட்டும் சரியான அளவு இருக்குதே?"

சிரித்தான். "கடைசிப் பக்கம் வரைக்கும் யாருபா படிக்கறாங்க, உன்னத் தவிர?"

டீக்குக் காசை அவனே கொடுத்தான். அதுகூட எனக்குக் கசந்தது.

தண்ணீர் முறையை மறுபடி பேச வியாழக்கிழமை கூட்டம் என்று அந்த அம்மா சொல்லியிருந்தார். படம் ஒன்றும் அட்டவணை வேறொன்றும் சொல்லும் புத்தகத்தை யார் நம்புவார்கள் என்று அதை வீட்டிலேயே வைத்துவிட்டுக் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு போனேன். நான்கு தேதிகளையும் அளவுகளையும் படித்தேன். நண்பனின் அண்ணன் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார்.

"இதுவும் நீங்க போட்டதுதான? இதுல வேற மாதிரி கீதே!"

"புத்தகம் தப்பு" என்றேன். ஒன்பது ஆண்டு உழைப்பை இரண்டே சொல்லில் முடிக்க வேண்டியிருந்தது. கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள்.

அந்த அம்மா என்னிடமிருந்து குறிப்பேட்டை வாங்கி, நேராக நண்பனிடம் கொண்டுபோய் நீட்டினார். "இது உங்க கையெழுத்தா பாருங்க சார்."

அவன் நெடுநேரம் பார்த்தான். அண்ணன் பக்கம் திரும்பவில்லை. என் பக்கமும் திரும்பவில்லை.

"கையெழுத்து என்னுதுதான்" என்றான். "ஆனா அன்னைக்கு இன்னா பாத்தேன்னு ஞாபகம் இல்ல."

"ஞாபகம் இல்லாமப் பூடும்னுதான எழுதி வைக்கறது?" என்று அந்த அம்மா திருப்பிக் கேட்டார். அவரோடு வந்திருந்த கடைமடைக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். அந்த நவரைப் பட்டத்துக்கு அவர்களுடைய முறை பழையபடி நடுவுக்கு வந்தது.

விற்காத பிரதிகளில் சரியான படத்தை அச்சிட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறேன். முன்னுரை வரியையும் அடித்திருக்கிறேன். அடுத்த ஞாயிறு தனியாகப் போய்ப் படியிறங்கிப் பார்த்தேன், கரையேறி எழுதினேன். 'பார்த்தவர்' பத்தியில் என் கையெழுத்தைப் போட்டேன். அதைச் சரிபார்க்க அங்கே ஒருவரும் இல்லை.