தேருக்கு முன் போடும் மாத்திரை

இதை எழுத நான்கு வருடமாகத் தயங்கினேன். பெண்கள் சமாசாரத்தோடு அம்மன் சமாசாரமும் சேர்ந்ததால் கை ஓடவில்லை.

மகள் பத்தாவது படித்தபோது, பள்ளி நூலகத்துக்கு நிதி திரட்டப் பிள்ளைகள் உடல்நலப் புத்தகத்தை வீடு வீடாக வாசித்துக் காட்டினார்கள். கேட்பவர்கள் பக்கத்துக்கு இரண்டு ரூபாய் தர வேண்டும். அவள் முதலில் என்னிடம்தான் வாசித்தாள்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை வீராம்பட்டினம் அம்மன் கோயில் தேர். அன்றைக்கு அவள் தூரமாகிவிடக்கூடாதென்று, நாளைத் தள்ளிப்போடும் மாத்திரையை மெடிக்கலில் வாங்கி வைத்திருந்தேன். நானும் வருடாவருடம் அதைப் போட்டு, வாந்தியும் தலைவலியுமாகத்தான் தேர் பார்ப்பேன்.

மாதவிலக்கைத் தள்ளிப்போட டாக்டரைக் கேட்காமல் மாத்திரை போடக்கூடாது என்ற வரியில் அவள் நிறுத்தினாள்.

“யம்மா, எனக்கு நீ வாங்கியாந்தது இன்னா மாத்திரை?”

“வாய மூடுடி, சாமி குத்தமாயிடும்.”

“அம்மனும் பொம்பளதானேம்மா? வாந்தியெடுத்துகினே வான்னு உன்னக் கூப்புட்டுச்சா?”

எனக்குச் சுருக்கென்றது. மாத்திரைகளை அப்போதே சாக்கடையில் கொட்டினேன். தேரன்று அவள் தூரமாகி வீட்டிலிருந்தாள். அவளுக்கும் சேர்த்து நான் கும்பிட்டேன். அதன்பிறகு நாங்கள் இருவருமே அந்த மாத்திரையைத் தொடவில்லை. அம்மன் எங்களைக் குறையில்லாமல்தான் வைத்திருக்கிறாள்.

பெண்பிள்ளை உள்ள வீட்டில் இதைச் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மாத்திரை விஷயத்தை மறைக்காமல், நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள்.