மொட்டை மாடியில் ஒன்பது நாள்

அந்தப் பெண்கள் பள்ளியில் ராக்கெட் டீச்சர் யாரென்று கேட்டால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட இயற்பியல் டீச்சரைத்தான் கை காட்டும். இத்தனைக்கும் அவர் ஒரு ராக்கெட்டை நேரில் பார்த்ததில்லை. விடுமுறையில் பத்து நாள் விண்வெளிப் பயிற்சிக்குப் போய்வந்தவர், நம் பிள்ளைகளும் ஒரு செயற்கைக்கோள் செய்தே தீரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். கிளம்பும்போது ராக்கெட் எப்படி அதிரும் என்று காட்ட, மாதிரிப் பெட்டி ஒன்றைத் தன் வீட்டு வாஷிங் மெஷின் மேல் கட்டி ஓடவிட்டார்.

"உன் பெட்டி மேல போகுமோ போகாதோ, நம்ம மெஷின் போயிரும்" என்றார் கணவர். செயற்கைக்கோள் குழுவாகச் சுற்றி நின்ற பன்னிரண்டு மாணவிகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

இரண்டு வருடம் மாடாய் உழைத்ததில், உள்ளங்கையில் அடங்கும் பெட்டி ஒன்று தயாரானது. ஆன்டெனாவை ஈயம் உருக்கிப் பற்றவைத்தவள் பத்தாம் வகுப்புப் பெண். கை அவ்வளவு நிதானம், அதனால் எல்லோரும் அவளை 'சாலிடர்' என்றே கூப்பிட்டார்கள். பெட்டி ஏவுதளத்துக்குப் போனது. ராக்கெட் கிளம்பியதைப் பள்ளியே திரையில் பார்த்துக் கைதட்டியது. தலைமை ஆசிரியையின் படம் செய்தித்தாளில் வந்தது.

அதன்பிறகு தினமும் காலை பத்து இருபது வாக்கில் பெட்டி பள்ளிக்கு மேலே கடக்க வேண்டும். எட்டு நிமிடம்தான். பிள்ளைகள் மொட்டை மாடியில் ஆன்டெனாவைத் தூக்கிப் பிடித்துக் காது கொடுத்தார்கள். ஒன்பது நாளும் வெறும் இரைச்சல். ஒன்பதாம் நாள் சாலிடர் ஒரு விண்ணப்பத்தை நீட்டினாள். அடுத்த வருடம் அறிவியல் பிரிவு வேண்டாமாம், வணிகப் பிரிவு போதுமாம்.

"நான் பத்தவச்ச இடம்தான் விட்டிருக்கும் டீச்சர். இனிமே அதெல்லாம் என் கைக்கு வேண்டாம்."

மறுநாள் அலுவலகத்தில் சேரவேண்டிய விண்ணப்பம். டீச்சர் அதைத் தன் பையில் வைத்துக்கொண்டார். அலைவரிசையாவது சரிதானா என்று ஏவுதளத்துப் பொறியாளருக்குப் போன் போட்டார்.

அவர் திருப்பிக் கேட்டார். "உங்களுக்குச் சொல்லலையா மேடம்? உங்க பெட்டி இங்க அலமாரியில இருக்கு. அதிர்வுச் சோதனையில பேட்டரி ஸ்க்ரூ கழண்டுருச்சு. ராக்கெட் எடை குறையக்கூடாதுன்னு பெட்டி இருக்கவேண்டிய இடத்துல ஒரு அலுமினியக் கட்டிய வச்சு அனுப்பினோம். உங்க ஹெச்.எம்.முக்கு லெட்டர் போட்டோமே."

டீச்சர் நேராகத் தலைமை ஆசிரியையின் அறைக்குப் போனார். பத்தொன்பது வருடமாக மதியம் ஒரே மேசையில் சாப்பிடுகிறவர்கள். தனியாக இருக்கும்போது அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"அக்கா, லெட்டர் வந்துச்சா?"

"உக்காரு முதல்ல."

"வந்துச்சான்னு கேட்டேன்."

"ஏவறதுக்கு ஆறு நாள் முன்னாடி வந்துச்சு. அழைப்பெல்லாம் போயாச்சு, நான் என்ன செய்ய? பெட்டி மேல போய்ச் செத்தா யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. சோதனையிலயே உதிர்ந்துச்சுன்னா ஊரே சிரிக்கும்." அக்கா குரலைத் தாழ்த்தினார். "அதுவும் எந்த ஸ்க்ரூன்னு படிச்சேன். உன்னக் காப்பாத்தத்தான் மறைச்சேன்."

டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. பெட்டி பள்ளியிலிருந்து கிளம்பிய அன்று, விருந்தினருக்கு உள்ளே காட்டவேண்டும் என்று அக்கா கேட்கப்போய் மூடியைத் திறந்தது டீச்சர்தான். படம் எடுக்க வசதியாகப் பேட்டரியையும் கழற்றினார். கழற்றிய ஸ்க்ரூவை, அதிர்வில் கழலாமல் இருக்கப் பசை தடவித்தான் மறுபடி முடுக்கவேண்டும், பசை காய ஒரு நாள் ஆகும். வாசலில் வண்டி நின்றது. அவசரத்தில் பசை இல்லாமலே முடுக்கிவிட்டார்.

தன் தப்பு சுட்டது உண்மைதான். ஆனால் அதைவிட அக்கா அறையின் ஜன்னல் சுட்டது. அதிலிருந்து பார்த்தால் மொட்டை மாடி நன்றாகத் தெரியும். ஒன்பது நாளும் அக்கா பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். நாலாம் நாள், வெயிலாக இருக்கிறதே என்று பிள்ளைகளுக்குக் குடை கொடுத்தனுப்பியவரும் இந்த மகராசிதான்.

"எனக்காகன்னு சொல்லாதீங்கக்கா. ஒரு பொண்ணு தன் கைமேல பழியப் போட்டுக்கிட்டு நிக்குது."

"ஒரு மாசத்துல எல்லாம் மறந்துரும்."

டீச்சர் கிளம்பி ஆய்வகத்துக்குப் போனார். பன்னிரண்டு பேரையும் உட்காரவைத்து, கடிதம், கட்டி, ஸ்க்ரூ என்று ஒன்று விடாமல் சொன்னார். தன் தப்பையும் சொன்னார். பிள்ளைகள் தலைமை ஆசிரியையைத் திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தார். யாரும் திட்டவில்லை.

சாலிடர்தான் முதலில் பேசினாள். "நீங்க பசை இல்லாம முடுக்கினத நான் பாத்தேன் டீச்சர்."

"அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா."

"நீங்க செஞ்சா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன். தப்பு எங்கிட்டதான் இருக்கும்னு."

டீச்சர் விண்ணப்பத்தை எடுத்து அவளிடம் திருப்பி நீட்டினார். கிழித்துப் போடுவாள் என்று நினைத்தார். அவள் அதை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"எங்க அப்பாகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்" என்றாள். எதற்கெடுத்தாலும் டீச்சரிடம்தான் கேட்பாள், இந்த இரண்டு வருடமும்.